3ஆம் வகுப்பிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ்: பாடம் ரெடி... டீச்சர் ரெடியா? இங்கிலாந்து சொல்லும் பாடம் என்ன?

தேனீ வடிவத்தில் ஒரு குட்டி ரோபோ. பெயர் பீ-பாட். முதுகில் நான்கு அம்புக்குறி பட்டன்கள், நடுவில் 'கோ' பட்டன். முன்பக்க அம்பை ஒருமுறை அழுத்தி 'கோ' கொடுத்தால் 15 சென்டிமீட்டர் நகரும். இங்கிலாந்து தொடக்கப் பள்ளிகளில் 5, 6 வயதுக் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து இதை ஓட்டுவது சாதாரணக் காட்சி.

ஒரு குழந்தை முன்னே, முன்னே, வலது என்று அழுத்தி 'கோ' கொடுக்கிறது. ரோபோ சரியாகப் போகிறது. அடுத்த குழந்தை அதை வாங்கி, முன்னே என்று ஒரே ஒருமுறை அழுத்தி 'கோ' கொடுக்கிறது. ரோபோவோ இரண்டு அடி முன்னே போய், வலது பக்கம் திரும்பி, மறுபடியும் ஓர் அடி போய் நிற்கிறது. "டீச்சர், இது ரிப்பேர்!"

ரிப்பேர் எல்லாம் இல்லை. முதல் குழந்தை கொடுத்த கட்டளைகள் ரோபோவின் நினைவகத்தில் அப்படியே இருக்கின்றன. அவற்றை அழிக்கத் தனி பட்டன் உண்டு. அதை யாரும் அழுத்தவில்லை, அவ்வளவுதான்.

இது தெரிந்த டீச்சர் உடனே விடையைச் சொல்ல மாட்டார். "நீ ஒண்ணுதானே அழுத்தின, அது ஏன் இவ்வளவு தூரம் போச்சு? யோசிச்சுப் பாரு" என்று கேட்பார். நிரல் என்றால் என்ன, நினைவகம் என்றால் என்ன, பிழையை எப்படித் தேடுவது என்ற மூன்று பாடங்களும் அந்த ஒரு கேள்வியில் தொடங்கிவிடும். இது தெரியாத டீச்சர் ரோபோவை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். ஒரே பொம்மை, ஒரே குழந்தைகள். வித்தியாசம் டீச்சருக்குக் கிடைத்த பயிற்சியில்தான் இருக்கிறது.

இந்தியாவிலும் இதே கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. அதை விரிவாகப் பார்க்கலாம்.

இப்போ ஏன் இந்தப் பேச்சு?

2026-27 கல்வியாண்டு முதல், 3ஆம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவும் கணினிச் சிந்தனையும் அறிமுகப்படுத்தப்படும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. பாடத்திட்டத்தை உருவாக்க, சென்னை ஐஐடி பேராசிரியர் கார்த்திக் ராமன் தலைமையில் சிபிஎஸ்இ ஒரு நிபுணர் குழுவையும் அமைத்தது. ஆசிரியர்களுக்கு 'நிஷ்தா' திட்டம் வழியாகப் பயிற்சி தரப்படும் என்றும் சொல்லப்பட்டது.

இதற்கு முன்பு 2020ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கை, கோடிங்கை நடுநிலை வகுப்புகளில், அதாவது 6ஆம் வகுப்பிலிருந்துதான் பேசியது. இப்போது அது 3ஆம் வகுப்புக்கு இறங்கியிருக்கிறது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் என்ன செய்வது என்பதை அந்தந்த மாநில அரசுகள்தான் முடிவு செய்யும். ஆனால் எந்த வாரியமாக இருந்தாலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்.

6ஆம் வகுப்பு என்றால் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் இருப்பார். 3ஆம் வகுப்பில் அப்படி இல்லை. தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் எல்லாமே ஒரே டீச்சர்தான். தனியாகக் கம்ப்யூட்டர் ஆசிரியர் வரப்போவதும் இல்லை. ஆக, இந்தப் பாடத்தை எடுக்கப்போவது கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காத, அதைக் கற்பிக்கப் பயிற்சியும் பெறாத ஒருவர்தான். அவரை எப்படித் தயார்படுத்துவது?

இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை தேடாமல் பாடத்தைத் தொடங்கி, பிறகு சிரமப்பட்டுப் பாதையை மாற்றிக்கொண்ட நாடு இங்கிலாந்து. அதனால்தான் அந்த அனுபவம் முக்கியமாகிறது.

இங்கிலாந்தில் என்ன நடந்தது?

கொஞ்சம் பின்னாடி போவோம். 2012 வரை இங்கிலாந்துப் பள்ளிகளில் இருந்தது ஐசிடி என்ற பாடம். சிம்பிளா சொன்னா, வேர்டில் கடிதம் அடிப்பது, பவர்பாயிண்ட்டில் ஸ்லைடு செய்வது, எக்செல்லில் அட்டவணை போடுவது. மென்பொருளைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார்கள், அது எப்படி உருவாகிறது என்பதைத் தொடவே இல்லை. 2011 ஆகஸ்டில் கூகுளின் எரிக் ஷ்மிட் எடின்பரோவில் பேசும்போது இதை வெளிப்படையாக விமர்சித்தார்.

2012 ஜனவரியில் இரண்டு விஷயங்கள் நடந்தன. அப்போதைய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ், பழைய ஐசிடி பாடத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். அதே மாதம், ஸ்டீவ் ஃபர்பர் தலைமையிலான ராயல் சொசைட்டி குழு, பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்வி மோசமான நிலையில் இருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டது. போதுமான ஆசிரியர்கள் இல்லாததும், இருப்பவர்களுக்குப் பயிற்சி இல்லாததும் பெரிய குறை என்று அந்த அறிக்கையே அப்போது சொல்லியிருந்தது.

2013 செப்டம்பரில் புதிய பாடத்திட்டம் வெளியானது. 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 5 முதல் 7 வயதுக் குழந்தைகள் அல்காரிதம் என்றால் என்னவென்று புரிந்துகொள்ள வேண்டும், எளிய நிரல்களை எழுதிப் பிழை திருத்த வேண்டும். 7 முதல் 11 வயதில் வரிசை, தேர்வு, திரும்பச் செய்தல், மாறி ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டும். தொடக்கப் பள்ளியிலிருந்தே இவ்வளவும் கட்டாயம் என்று ஒரு நாடே முடிவெடுத்தது அப்போது பெரிய செய்தி.

பாடத்திட்டம் வெளியானதற்கும் வகுப்பில் எடுக்கத் தொடங்கியதற்கும் இடையே ஒரே ஓர் ஆண்டு. இந்த இடைவெளியில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

'ஒரே நாளில் கத்துக்கலாம்' என்ற பேச்சு

2014 பிப்ரவரியில் 'இயர் ஆஃப் கோட்' என்ற பிரசார இயக்கம் தொடங்கியது. ஆசிரியர் பயிற்சிக்கு உதவ 5 லட்சம் பவுண்ட் நிதியும் அறிவிக்கப்பட்டது. அந்த இயக்கத்தின் இயக்குநர் பிபிசியின் 'நியூஸ்நைட்' நிகழ்ச்சிக்கு வந்தார். தனக்கே கோடிங் தெரியாது, இந்த ஆண்டுதான் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். கோடிங்கைக் கற்பிக்க ஆசிரியர்களுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்ற கேள்விக்கு, ஒரு நாளில் பிடித்துக்கொள்ளலாம் என்கிற ரீதியில் பதில் வந்தது.

அந்தப் பேட்டி கேலிக்கு ஆளானது. ஆனால் கேலியைத் தாண்டி கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பயிற்சி என்பது சின்ன வேலை, ஒரு சனிக்கிழமை உட்கார வைத்தால் முடிந்துவிடும் என்ற எண்ணம் அந்த ஒருவருக்கு மட்டும் இருந்ததில்லை. திட்டத்தின் காலக்கெடுவிலும் நிதியிலும் அதே எண்ணம்தான் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் பாரத்தைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களேதான். 2008இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட 'கம்ப்யூட்டிங் அட் ஸ்கூல்' அமைப்பு, தெரிந்த ஆசிரியர் தெரியாத ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்காக மைல்ஸ் பெர்ரி எழுதிய கையேட்டையும் வெளியிட்டது. 2014இல் 'பேர்ஃபூட்' என்ற திட்டம் வந்தது. கம்ப்யூட்டர் பின்னணியே இல்லாத தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே இலவசப் பாடக் குறிப்புகளையும் பயிலரங்குகளையும் கொடுத்தது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் ஆர்வம் இருந்த ஆசிரியருக்குத்தான் இவை போய்ச் சேர்ந்தன.

2017இல் என்ன மாறியது?

2017 நவம்பரில் ராயல் சொசைட்டி மறுபடியும் ஓர் அறிக்கை வெளியிட்டது. பாடத்திட்டம் மாறி மூன்று ஆண்டுகள் ஆகியும் கம்ப்யூட்டர் கல்வி ஒட்டுப்போட்ட துணி மாதிரி இடத்துக்கு இடம் வேறுபடுகிறது, பலவீனமாக இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். இங்கிலாந்துப் பள்ளிகளில் 54 சதவீதத்தில், 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடமே கிடையாது. எழுதிய மாணவர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குதான்.

அறிக்கையின் முக்கியப் பரிந்துரை: ஐந்து ஆண்டுகளில் 6 கோடி பவுண்ட் செலவிட வேண்டும். அதுவரை செலவானதைப் போல இது 10 மடங்கு. புதிய பாடப்புத்தகமோ புதிய லேப்டாப்போ அந்தப் பரிந்துரையின் மையத்தில் இல்லை. ஆசிரியர் பயிற்சிதான் இருந்தது.

அதே மாதம் வந்த பட்ஜெட்டில் பிரிட்டன் அரசு 8.4 கோடி பவுண்ட் ஒதுக்கியது. 2018 நவம்பரில் தேசிய கம்ப்யூட்டிங் கல்வி மையம் உருவானது. ஸ்டெம் லேர்னிங், பிசிஎஸ், ராஸ்பெரி பை ஃபவுண்டேஷன் ஆகிய மூன்று அமைப்புகளும் சேர்ந்து இதை நடத்தின.

இந்த மையம் செய்ததைச் சுருக்கமாகப் பார்த்தால்:

• நாடு முழுக்க 30க்கும் மேற்பட்ட பள்ளிகள் பயிற்சி மையங்களாக மாற்றப்பட்டன. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே வந்து பயிற்சி பெறலாம்.

• பயிற்சிக்கு ஆசிரியர் வரும் நாளில் அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள மாற்று ஏற்பாடு வேண்டும். அந்தச் செலவுக்கு அரசுப் பள்ளிகளுக்கு உதவித்தொகை கிடைத்தது.

• 5 வயது முதல் 16 வயது வரைக்கும், 500 மணி நேரத்துக்கும் மேலான பாடத் திட்டங்கள், ஸ்லைடுகள், பயிற்சித்தாள்கள் எல்லாம் இலவசமாக வெளியாகின.

• தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே தனிச் சான்றிதழ் படிப்பு வந்தது.

கவனித்தால், இது எதுவும் 2014க்கு முன்பே செய்ய முடியாத காரியம் இல்லை. வரிசைதான் தலைகீழாகிவிட்டது. பாடம் முதலில், பயிற்சி பிறகு. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் 5 வயதில் பள்ளிக்கு வந்த குழந்தைக்கு 9 வயதாகிவிட்டது. அந்த வகுப்புகளை அந்தக் குழந்தைக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

சரி, டீச்சருக்கு உண்மையில் என்ன தெரியணும்?

'கோடிங் கத்துக்கணும், பைத்தான் படிக்கணும்' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தொடக்கப் பள்ளிக்கு அது தேவைப்படாது. தேவைப்படும் கருத்துகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். வேலையைப் படிப்படியாக வரிசைப்படுத்துவது. திரும்பத் திரும்ப வரும் படியை 'இத்தனை முறை செய்' என்று சுருக்குவது. 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று நிபந்தனை வைப்பது. மாறும் தகவலுக்குப் பெயர் வைத்துச் சேமிப்பது. தப்பு எங்கே என்று தேடித் திருத்துவது.

இவற்றைப் புரிந்துகொள்வது ஓர் ஆசிரியருக்குக் கஷ்டமே இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் லீ ஷுல்மன் 1986இல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். பாடம் தெரிவது ஒரு வகை அறிவு. பொதுவாக வகுப்பு நடத்தத் தெரிவது இன்னொரு வகை. அந்தக் குறிப்பிட்ட பாடத்தில் குழந்தை எங்கே சறுக்கும், எந்த உதாரணம் சொன்னால் பிடிபடும் என்று தெரிவது மூன்றாவது வகை. நல்ல ஆசிரியரைத் தீர்மானிப்பது இந்த மூன்றாவது வகை அறிவு.

கணக்கில் நம் டீச்சர்களிடம் இது நிறையவே இருக்கிறது. கழித்தலில் கடன் வாங்கும்போது பிள்ளைகள் எந்த இடத்தில் தப்பு செய்வார்கள் என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வார்கள். பத்து, பதினைந்து வருட அனுபவம் அது. கம்ப்யூட்டர் சயின்ஸில் அந்த அனுபவம் யாருக்கும் இன்னும் சேரவில்லை. பயிற்சி நிரப்ப வேண்டிய இடம் இதுதான்.

குழந்தைகள் எங்கே சறுக்குகிறார்கள்?

மூன்று உதாரணங்கள்.

1. இடது பட்டன்: பீ-பாட்டில் இடது அம்பை அழுத்தினால் அது இடது பக்கம் நகராது. நின்ற இடத்திலேயே இடது பக்கம் திரும்பும், அவ்வளவுதான். நகர வைக்க, மறுபடி முன்னே அழுத்த வேண்டும். 'திரும்பு', 'நகர்' இரண்டும் வேறு என்பது பெரியவர்களுக்குச் சாதாரணம். 6 வயதுக் குழந்தைக்கு இது பெரிய தடுமாற்றம். இதைத் தெரிந்த டீச்சர் குழந்தையையே ரோபோவாக எழுந்து நடக்கச் சொல்வார். உடம்பால் செய்யும்போது வித்தியாசம் தானாகப் புரியும்.

2. மாறி: 'ஸ்கோர் 5' என்று வைக்கிறோம். அடுத்த வரியில் 'ஸ்கோர் 8' என்று வைக்கிறோம். இப்போ ஸ்கோர் எவ்வளவு? 13 என்று சில குழந்தைகள் சொல்லும். 5ம் இருக்கு 8ம் இருக்கு என்று சில குழந்தைகள் சொல்லும். சரியான விடை 8. இதில் வேடிக்கை என்னவென்றால், 'மாறி என்பது ஒரு பெட்டி' என்று டீச்சர் சொல்லும் உதாரணமே இந்தக் குழப்பத்தைத் தூண்டலாம். பெட்டிக்குள் இரண்டு பொருள் வைக்கலாமே! சிலேட்டு என்று சொன்னால் சிக்கல் குறையும். புதுசா எழுதணும்னா பழசை அழிக்கணும்.

3. 'அதுக்குத் தெரியும்': கம்ப்யூட்டருக்குள் ஒரு மூளை இருக்கிறது, தான் என்ன நினைக்கிறோம் என்பதை அது புரிந்துகொள்ளும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். ராய் பீ என்ற ஆய்வாளர் 1986லேயே இதைப் பதிவு செய்தார். புதிதாக நிரல் எழுதுபவர்கள் செய்யும் பல தப்புகளுக்கு இதுதான் வேர் என்பது அவர் முடிவு. கேட்டால் பதில் சொல்லும் ஏஐ செயலிகள் வீட்டுக்கு வீடு வந்துவிட்ட காலத்தில் இந்த நம்பிக்கை இன்னும் கெட்டிப்படவே வாய்ப்பு அதிகம். 3ஆம் வகுப்பில் ஏஐ பற்றிப் பேசப்போகும் டீச்சர் முதலில் கையாள வேண்டியது இதைத்தான்.

கம்ப்யூட்டரே இல்லாமல் பாடம் எடுக்க முடியுமா?

முடியும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல், இயன் விட்டன், மைக் ஃபெலோஸ் ஆகியோருடன் சேர்ந்து 1990களில் உருவாக்கிய 'சிஎஸ் அன்பிளக்டு' இதற்கு நல்ல சான்று. மின்சாரம்கூட வேண்டாம், அட்டையும் சாக்பீஸும் போதும்.

ஒரு விளையாட்டைப் பார்ப்போம். ஐந்து அட்டைகள். அவற்றில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள். ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொன்றாகப் பிடித்து வரிசையாக நிற்கிறார்கள். டீச்சர் 21 என்கிறார். எந்தெந்த அட்டையைக் காட்டினால் 21 வரும்? 16, 4, 1. காட்டுகிற அட்டைக்கு 1, மறைக்கிற அட்டைக்கு 0 என்று எழுதினால் 10101. கம்ப்யூட்டர் எண்களை எப்படி வைத்துக்கொள்கிறது என்பது முடிந்தது. இந்த ஐந்து அட்டைகளை வைத்து 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

இன்னொன்று, தரையில் சாக்பீஸால் பாதை வரைந்து ஆறு பிள்ளைகளை எண்களோடு நடக்கவிடுவது. இருவர் ஒரு வட்டத்தில் சந்தித்தால் சின்ன எண் இடது பக்கம், பெரிய எண் வலது பக்கம். கடைசியில் எல்லோரும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிற்பார்கள். வரிசைப்படுத்தும் அல்காரிதம் இதுதான்.

நம்ம ஊர் வாசலிலும் இதற்குத் துணை உண்டு. புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் கோலத்துக்குப் பின்னால் ஒரு விதிமுறை இருக்கிறது. 1970களில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி உள்ளிட்டோர் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண முறைகளால் விளக்கி ஆய்வுக் கட்டுரைகளே எழுதினார்கள். புள்ளிக் கோலத்தை 'முன்னே போ, திரும்பு, நான்கு முறை செய்' என்று சொல்லிப் போட வைக்க ரோபோ தேவையில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. விளையாட்டு முடிந்ததும், 'இப்போ நாம செஞ்சதுக்கும் கம்ப்யூட்டர் செய்யறதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று டீச்சர் இணைத்துக் காட்டாவிட்டால், அது வெறும் பிடி பீரியடாக முடிந்துவிடும். அந்த இணைப்பைச் செய்யத் தெரிவதும் பயிற்சியில் வர வேண்டியதுதான்.

திரைக்கு முன் உட்காரும்போது?

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பணியாற்றிய சூ சென்டன்ஸ், சக ஆய்வாளர்களுடன் உருவாக்கிய ஒரு முறை இப்போது பரவலாகப் பயன்படுகிறது. பெயர் 'பிரிம்'. ஐந்து படிகள். ஏற்கெனவே எழுதிய ஒரு சின்ன நிரலைக் காட்டி, இது என்ன செய்யும் என்று ஊகிக்கச் சொல்வது. ஓட்டிப் பார்ப்பது. ஏன் அப்படி நடந்தது என்று ஆராய்வது. கொஞ்சம் மாற்றிப் பார்ப்பது. கடைசியாகத்தான் சொந்தமாக ஒன்றை உருவாக்குவது.

வாசிக்கத் தெரிந்த பிறகுதானே கட்டுரை எழுதச் சொல்கிறோம்? அதே யோசனைதான். எம்ஐடியில் உருவாகி 2007இல் வெளியான 'ஸ்கிராட்ச்' மாதிரி கட்டங்களை இழுத்துப் பொருத்தும் மென்பொருளில் இது சுலபமாகச் செய்யக்கூடியது. டீச்சருக்கும் இது வசதி. காலியான திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வகுப்புக்கு முன்னாடி ஒரே ஒரு நிரலை நன்றாகப் புரிந்துகொண்டால் போதும்.

'பிள்ளைங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியுதே, மானம் போயிடுமோ?' என்ற தயக்கம் பல ஆசிரியர்களுக்கு உண்டு. செல்போனை வேகமாகத் தள்ளத் தெரிவதும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிவதும் வேறு வேறு. தவிர, இந்தப் பாடத்தில் பிழை வருவது அவமானமே இல்லை. பிழையைத் தேடுவதுதான் பாடம். 'எனக்கும் தெரியல, வாங்க சேர்ந்து பார்ப்போம்' என்று டீச்சர் தைரியமாகச் சொல்லக்கூடிய பாடங்களில் இதுவும் ஒன்று. அந்தத் தைரியத்தைக் கொடுப்பது பயிற்சியின் பாதி வேலை.

எத்தனை நாள் பயிற்சி வேண்டும்?

அமெரிக்காவில் 2013இல் தொடங்கிய கோட்.ஆர்க், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிலரங்கு நடத்திப் பிரபலமானது. ஒரு நாள் பயிலரங்கு தப்பில்லை. பயத்தைப் போக்கும், முதல் வகுப்பை எடுக்க வைக்கும். ஆனால் அத்துடன் நிறுத்தினால் பயன் நீடிக்காது.

ஏனென்றால் நிஜமான கேள்விகள் முதல் வகுப்புக்குப் பிறகுதான் வரும். 'நாலு பிள்ளைங்களுக்கு ஓடுது, மீதிப் பேருக்கு ஓடல, என்ன பண்றது?' என்று அன்றைக்கு மாலையே ஒரு டீச்சருக்குக் கேட்கத் தோன்றும். கேட்க ஆள் வேண்டும். அதனால்தான் பயிற்சி, வகுப்பில் முயற்சி, மறுபடி கூடிப் பேசுவது, மறுபடி முயற்சி என்று ஓராண்டாவது நீளும் ஏற்பாடு தேவைப்படுகிறது.

இதில் ஒரு பழைய பாடமும் இருக்கிறது. 1967இல் சிமோர் பேப்பர்ட் உள்ளிட்டோர் குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். ஆமையை நகர்த்திப் படம் வரையும் அந்த மொழி 1980களில் பல நாடுகளின் பள்ளிகளுக்குள் போனது. பிறகு மெல்ல மறைந்தது. ஆசிரியர்களுக்குப் போதிய ஆதரவு இல்லாததும் அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

நம்ம நாட்டில் சவால் என்ன?

முதலில் எண்ணிக்கை. 2024-25 யுடைஸ் தரவின்படி இந்தியாவில் பள்ளி ஆசிரியர்கள் எண்ணிக்கை முதல் முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. அதே தரவின்படி ஒரே ஓர் ஆசிரியர் மட்டும் இருக்கும் பள்ளிகள் 1 லட்சத்துக்கும் மேல். அவற்றில் படிப்பவர்கள் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். கம்ப்யூட்டர் வசதி உள்ள பள்ளிகள் 64.7 சதவீதம். இணைய வசதி உள்ளவை 63.5 சதவீதம்.

ஓராசிரியர் பள்ளியில் அந்த ஒருவர் பயிற்சிக்குப் போனால் பள்ளியை யார் பார்ப்பது? மாற்று ஆசிரியருக்கு இங்கிலாந்து பணம் கொடுத்ததன் அருமை இங்கேதான் புரியும்.

இரண்டாவது, பயிற்சி வந்து சேரும் விதம். மாநிலத்தில் சிலருக்கு, அவர்கள் வழியாக மாவட்டத்தில் சிலருக்கு, அங்கிருந்து வட்டார வள மையத்துக்கு என்று படிப்படியாக இறங்கும் பயிற்சியில் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சாரம் குறையும். கடைசியில் டீச்சருக்குக் கிடைப்பது பிபிடியின் பிரதியாக இருந்தால், வகுப்பில் கிடைப்பதும் அதன் பிரதிதான்.

மூன்றாவது, நுழைவாயில். 1 முதல் 5ஆம் வகுப்பு வரை எடுக்கும் இடைநிலை ஆசிரியர்களுக்கான டெட் முதல் தாளில் 150 கேள்விகள். குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று ஆளுக்கு 30. கணினிச் சிந்தனைக்கு என்று தனிப் பகுதி இல்லை. வேலைக்கு வருவதற்கு முன் படிக்காத ஒன்றை, வந்த பிறகு சனிக்கிழமைகளில் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அதே நேரம், தமிழ்நாட்டில் சாதகமான விஷயமும் இருக்கிறது. 2022இல் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை தொடங்கி, பிறகு 5ஆம் வகுப்பு வரை விரிந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பருவத்துக்கொரு முறை வட்டார அளவில் ஆசிரியர் பயிற்சி நடக்கிறது. செயல்பாடு, அட்டை, ஆடல் பாடல் என்று வகுப்பு நடத்த ஆசிரியர்கள் பழகியிருக்கிறார்கள். அன்பிளக்டு பாடத்துக்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. குறுவள மையக் கூட்டங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. கூடிப் பேசப் புதிய இடம் தேட வேண்டாம்.

பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும்?

பயிற்சி இல்லாமல் பாடம் வந்தால் என்ன ஆகும் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை. 'அல்காரிதம் என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்' என்று கேள்வி வரும். பிள்ளைகள் வரையறையை மனப்பாடம் செய்து எழுதுவார்கள். அல்லது 40 நிமிடம் ஸ்மார்ட் போர்டில் வீடியோ ஓடும். இரண்டிலும் மதிப்பெண் வரலாம், சிந்தனை வராது. வீட்டில் லேப்டாப்பும் டியூஷனும் இருக்கும் பிள்ளை எப்படியோ பிடித்துக்கொள்ளும். பள்ளியை மட்டுமே நம்பியிருக்கும் பிள்ளைதான் இழக்கும்.

அதனால் உங்க பிள்ளையின் பள்ளியில் 'எத்தனை கம்ப்யூட்டர் இருக்கு?' என்று கேட்பதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். வகுப்பு டீச்சருக்கு இதற்காகப் பயிற்சி கொடுத்தீங்களா? எத்தனை முறை? சந்தேகம் வந்தால் அவர் யாரிடம் கேட்பார்?

மாலையில் வீட்டுக்கு வரும் பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்கலாம். "இன்னைக்கு கம்ப்யூட்டர் கிளாஸ்ல என்ன தப்பா போச்சு? அதை எப்படிக் கண்டுபிடிச்ச?" அதற்குப் பிள்ளை உற்சாகமாகப் பதில் சொன்னால், அந்த வகுப்பில் தயாரான ஒரு டீச்சர் இருக்கிறார் என்று தாராளமாக நம்பலாம்.